மூன்றாவது குழியின் புள்ளிகள்

டெங்கு ஆராய்ச்சிக்காக இரண்டாம் முறை ரத்தம் எடுத்து முடித்ததும், ஆய்வகத்தில் வேலை செய்யும் ரெஜினா ஒரு பிளாஸ்டிக் தட்டைச் செண்பகவல்லியிடம் காட்டினாள். போன தடவை எடுத்த ரத்தத்திலிருந்து, ஒரு முறை வந்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் டி செல்களைப் பிரித்து நான்கு குழிகளில் இட்டு, குழிக்கு ஒரு வகையாக டெங்குக் கிருமியின் துணுக்குகளைச் சேர்த்திருந்தார்கள். மூன்றாவது குழியில் மட்டும் கடுகைக் கொட்டியதுபோல நீலப் புள்ளிகள்.

“பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி உங்களுக்கு வந்தது இந்த வகைதாங்க்கா. உங்க செல்லுங்க பார்த்ததுமே அடையாளம் கண்டுக்கிச்சு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு செல்லு.”

“என் பையனுக்கும் அப்போ இதே காய்ச்சல்தான். பக்கத்துக் கட்டில்ல கிடந்தான். நான் மட்டும்தான் வீட்டுக்கு வந்தேன்.”

ரெஜினா தட்டை மூடப் போனாள். செண்பகவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஆண்டு மகனின் திதியை மறந்துவிட்டிருந்தாள். நான்கு நாள் கழித்து, வெண்டைக்காய் நறுக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. கணவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

“இதுங்க இத்தனை வருஷமா உள்ள என்ன செஞ்சிட்டிருந்துச்சு?”

“உடம்பைச் சுத்தி வந்துட்டே இருக்கும். அந்தக் கிருமி திரும்ப வருதான்னு பார்த்துக்கிட்டு.”

“நான் மறந்துட்டாலும்?”

“ஆமாக்கா.”

செண்பகவல்லி முழங்கை மடிப்பிலிருந்த பஞ்சை எடுத்தாள். நடுவில் கடுகளவு சிவப்பு. ரெஜினா குப்பைக்கூடையைக் காலால் மிதித்துத் திறந்து காத்திருந்தாள். செண்பகவல்லி பஞ்சை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.