லாசா

பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. தையல்காரி ஜன்னலோரக் கூண்டின் முன் உட்கார்ந்து, கோணிய உதட்டை விரலால் அழுத்திக்கொண்டு விசிலடிக்கிறாள். பாதி வெறும் காற்றாகப் போகிறது. உள்ளே காக்கட்டீல் கிளி மஞ்சள் கொண்டையைத் தூக்கி, ஆரஞ்சுக் கன்னத்தைச் சாய்த்துக் கேட்கிறது. "வா லாசா," என்கிறாள் அதனிடம். துணி மடிக்கும் தங்கைக்குப் பொறுக்கவில்லை. "ராசான்னு சொல்லணும்க்கா. நீ விடு, நான் சொல்லித் தரேன். உன்கிட்ட கத்துக்கிட்டா அதுக்கும் நாக்கு குழறும்." அக்கா மறுபடி உதட்டைப் பிடிக்கிறாள், ஊதுகிறாள், கூப்பிடுகிறாள். கூண்டுக்கம்பிகளின் நிழல் அவள் மடியில் கோடு கோடாக விழுந்து கிடக்கிறது. கிளி ஓரடி நகர்ந்து, முதல் தடவையாகப் பேசுகிறது: "வா லாசா." தங்கை தலையில் கைவைக்கிறாள். "பாத்தியா? இனி இதை மாத்தவே முடியாது." "மாத்தாத," என்கிறாள் அக்கா, ஒவ்வோர் எழுத்தாக உருட்டி. "அது பேலே லாசாதான்."