அவன் பேசாத இடங்கள்

விளையாட்டு வீடியோ சேனல்கள் குழந்தைகளுக்கு ஏற்றவையா என்று பார்த்து முத்திரை கொடுப்பது ஜெசிந்தாவின் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது சேனல்கள். அதனால் அந்த அலுவலகத்தில் எல்லோரும் வீடியோவை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, பேச்சில்லாத இடங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். கெட்ட வார்த்தை இல்லை, ரத்தம் இல்லை என்றால் பச்சை முத்திரை. வீடியோ விளையாட்டில் வீடு கட்டிக் காட்டும் ஒருவனின் சேனலுக்கும் மூன்று மாதம் முன்பு அவள்தான் பச்சை கொடுத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து அவன் குரல் கேட்டது. இவ்வளவு நிதானமாக அவள் அதைக் கேட்டதே இல்லை.

“உங்க வீட்டுல இப்போ யாரு இருக்கா?”

பிறகு நீண்ட மௌனம். அந்த இடைவெளியில் ஆறு வயது மிலானி சன்னமாகச் சொன்னாள்: “நானும் அம்மாவும்தான்.”

“அம்மா என்ன பண்றாங்க?”

“துணி மடிக்கிறாங்க.”

ஜெசிந்தா கையிலிருந்த துணியைப் போட்டாள். ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். மகள் திரும்பிப் பார்க்காமல் திரையிடம் கிசுகிசுத்தாள்: “அம்மா வந்துட்டாங்க.”

பாதி கட்டிய வீடு திரையில் அசையாமல் நின்றது. வீடியோவின் தேதி மூன்று மாதத்துக்கு முந்தையது. மௌனம் முடிந்ததும் அந்தக் குரல் மெல்லச் சிரித்தது.

“வரட்டும் தங்கம். அவங்கதானே என்னை உள்ள விட்டாங்க.”