மாதாவின் தோள்

மாதா சிலையைச் செதுக்கி முடிக்க மரச்சிற்பி வைட்டுக்கு நான்கு வருடம் பிடித்தது. அவன் மனைவி குனிகுண்டா அதற்குத் தங்க ரேக்கு ஒட்டினாள். திருநாளுக்கு முதல் நாள், ஊருக்குப் புதிதாக வந்திருந்த போதகர் பட்டறைக்கு வந்து சிலையை வெகுநேரம் பார்த்தார்.

"ஒரே மரமா?"

"இல்ல சாமி, பதினோரு துண்டு."

"இணைப்பே தெரியலையே. எங்க இருக்கு?"

வைட் பெருமையோடு தோளின் பின்புறத்தைத் தொட்டுக் காட்டினான். போதகர் அங்கே விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லிப் போனார்.

"பக்கத்து ஊர்க் கோயில்ல சிலையையெல்லாம் கோடாலியால பொளந்துட்டாங்களாம்," என்றாள் குனிகுண்டா. "அங்கயும் புதுசா ஒரு போதகர் வந்து, சிலையக் கும்பிடுறது பாவம்னு சொன்னாராம்."

வைட் சன்னலைத் திறந்தான். தெருமுனையில் போதகர் நாலைந்து பேரிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். எல்லோரும் பட்டறையைப் பார்த்தார்கள். அவர்களோடு நின்ற குனிகுண்டாவின் தம்பி மட்டும் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.