முதல் சாவிக்கே

"அவர் போயாச்சு. பின்பக்கமா வந்துடுங்க," என்று சொல்லிவிட்டு ஹேசல் போனை வைத்தாள். ஜன்னல் திரையை விலக்கித் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை கணவர் வில்ஃப் புல்தரையில் பந்து உருட்டப் போனால், இருட்டும்வரை வரமாட்டார்.

டெஸ்மண்ட் வேலிக் கதவைச் சத்தமில்லாமல் திறந்து உள்ளே வந்தார். பின்வீட்டு ஜன்னல் திரை அசைந்தது.

"பாக்கறாங்க," என்றார்.

"பாக்கட்டும். அறுபத்தெட்டு வயசுல அப்படி ஒரு பேர் வந்தா எனக்குப் பெருமைதான். கையில என்ன, கொண்டு வந்தீங்களா?"

பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புச் சாமானை எடுத்துக் காட்டினார். இருவரும் கார் கொட்டகைக்குப் போனார்கள். வில்ஃபின் மினி கார், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் வாங்கியபோது இருந்த பளபளப்போடு நின்றது.

வில்ஃபுக்கு அந்த வண்டியில் ஒரு திருகாணி மாறினாலும் ஆகாது. கம்பெனியிலிருந்து வந்தபோது என்ன இருந்ததோ அதுதான் இருக்க வேண்டும். கோடை முடிவில் பழைய கார் கிளப் நடத்தும் கண்காட்சியில் அசல் வண்டிக்கென்று ஒரு கோப்பை உண்டு. அதற்காக வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்.

மழை பெய்தால் மட்டும் அசல் வண்டி கிளம்பாது. அப்போது ஹேசல் இறங்கித் தள்ள வேண்டும். வில்ஃப் உள்ளே உட்கார்ந்து சரியான நேரத்தில் கிளட்சை விடுவார். அந்தக் கிளப்பில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். கிளட்சை விடுவது நுணுக்கமான வேலை என்று ஆண்கள் சொல்வார்கள்.

பிப்ரவரியில் ஹேசலுடைய அக்காளின் அடக்கத்துக்குப் போகும் வழியில் வண்டி மேட்டில் நின்றது. ஹேசல் கறுப்பு உடையும் வீங்கிய முழங்காலுமாகச் சேற்றில் தள்ளினாள். போய்ச் சேர்ந்தபோது குழியை மூடிவிட்டிருந்தார்கள். மறுநாள்தான், வீட்டுக்கே வந்து வண்டி சரிசெய்து தரும் டெஸ்மண்டைப் பற்றிக் கிளப் பெண்களில் யாரோ காதில் போட்டார்கள்.

முதலில் விரிப்புக்கு அடியில் கம்பளம் ஒட்டினார், இரைச்சல் பாதியானது. கதவுக்கு ரப்பர் மாற்றினார், விளக்குக்கு வெளிச்சமான பல்பு போட்டார். எல்லாம் சேர்த்தும் இருவர் வெளியே போய் ஒரு வேளை சாப்பிடுகிற செலவுதான். வில்ஃப் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. தான் தினமும் துடைப்பதால் வண்டி தேறிவருகிறது என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு இன்ஜினில் தீப்பொறி கொடுக்கிற இடம். மூடியைக் கழற்றி, தேய்ந்த பாயிண்ட்டை எடுத்துவிட்டுக் கறுப்புச் சாமானை உள்ளே பொருத்தினார் டெஸ்மண்ட்.

"மூடினா தெரியாது. இந்தச் சிவப்பு ஒயர் ஒண்ணுதான் அதிகம். ஒதுக்கிக் கட்டியிருக்கேன். அவருக்குத் தெரிஞ்சா என்ன பண்ணுவார்?"

"பழையதை மாட்டிடுவார். நான் மறுபடியும் இறங்கித் தள்ளுவேன்."

அதற்கப்புறம் எந்த மழையிலும் ஹேசல் இறங்கவில்லை.

கண்காட்சியன்று கிரிக்கெட் மைதானத்தில் தூறிக்கொண்டிருந்தது. கிளப் தலைவர் ராய்ஸ்டன்தான் நடுவர். அசல் இல்லாத பாகம் கண்ணில் பட்டால், வண்டிக்காரர் பெயரோடு ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவார். போன வருஷம் அப்படிப் பெயர் சொல்லப்பட்டவர் இன்னும் கிளப் பக்கம் வரவில்லை.

தொடக்கத்திலேயே ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். "மலிவா கிடைக்குதுன்னு கண்டதையும் வாங்கி மாட்டறாங்க. என் வண்டியும் மினிதான், எல்லாம் பழைய சாமான். ரெண்டு குளிர்காலமா முதல் சாவிக்கே கிளம்புது. பாத்துக்கிற விதத்துல இருக்கு." ஆண்கள் கைதட்டினார்கள். பெண்கள் தேநீர்க் கூடாரத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

வில்ஃபின் வண்டிக்கு வந்ததும் ராய்ஸ்டன் கதவைத் தட்டிப் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார், தலையாட்டினார். வில்ஃப் பள்ளிப் பிள்ளை போல் கையைப் பின்னால் கட்டி நின்றார். ஹேசல் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டிருந்தாள். பானெட்டைத் திறந்த ராய்ஸ்டனின் விரல் சிவப்பு ஒயரில் வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து ராய்ஸ்டனின் மனைவி பெரில் கூடாரத்திலிருந்து கூப்பிட்டாள். "வில்ஃப், இந்த வெந்நீர் அண்டாவைக் கொஞ்சம் தூக்கிக் குடுங்க. இங்க ஒருத்தராலயும் முடியல."

வில்ஃப் மனசில்லாமல் போனார். ராய்ஸ்டன் இரண்டு கிளிப்பையும் நெம்பி மூடியைக் கழற்றினார். வெகுநேரம் உள்ளே பார்த்தார்.

"இது என்ன, ஹேசல்?"

"அது என் முழங்கால்," என்றாள் ஹேசல்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மழையில் தள்ள முடியவில்லை என்பதையும், அக்காளின் அடக்கத்தையும், வில்ஃபுக்கு எதுவுமே தெரியாது என்பதையும் தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தாள்.

"கோப்பையை யாருக்கு வேணும்னாலும் குடுங்க. மைக்ல மட்டும் சொல்லிடாதீங்க. அந்த மனுஷன் தாங்கமாட்டார்."

ராய்ஸ்டன் மறுபடியும் குனிந்தார். கறுப்புச் சாமானை விரலால் தொட்டார்.

"இதை மாட்டினதுல இருந்து வண்டி எப்படி?"

"முதல் சாவிக்கே கிளம்புது."

ராய்ஸ்டன் மூடியை இருந்தபடியே வைத்து இரண்டு கிளிப்பையும் அழுத்தினார். கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தார். பெரில் அவசர அவசரமாகக் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரில் என் வண்டியைத் தள்ளி ரெண்டு வருஷமாச்சு."