பூங்கனி போட்ட நிபந்தனைகள்

“தாராசுரம் கோயில் பக்கத்துல பாத்ரூம் உண்டா?”

கும்பகோணம் போவது பற்றிப் பேச உட்கார்ந்ததும் பூங்கனி கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

பெமிலாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் வரலாற்று டீச்சர். பத்து வருடமாகப் பிள்ளைகளுக்குச் சோழர் கோயில்களை நடத்துகிறாள், ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. சனி ஞாயிறோடு ஒரு திங்கள்கிழமை லீவும் சேர்ந்து வரவே, கூட வேலை பார்க்கும் பூங்கனி, ஆதிரா, ஷிபா மூவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பத் திட்டம் போட்டாள். புருஷன், பிள்ளைகள் இல்லாமல் நால்வரும் வெளியூர் போவது இதுதான் முதல் முறை.

“சனிக்கிழமை விடியக்காலம் கார். மத்தியானம் கும்பகோணம். மூணாவது மாடியில ரூம். ஜன்னலைத் தொறந்தா காவேரி!” என்றாள் பெமிலா.

“காரு வேண்டாம் மக்கா. ரயில்ல போவோம்,” என்றாள் பூங்கனி.

“ரயில்னா திருச்சியில எறங்கி வேற வண்டி பிடிக்கணும். பாதி நாள் அதுலயே போயிரும்.”

“போட்டும். மாடியும் வேண்டாம். கீழ, பாத்ரூம் உள்ளயே இருக்க ரூம் பாரு. ஒரு கோயில் பாத்தா ரூமுக்கு வந்துட்டுதான் அடுத்த கோயிலு. எனக்க ரூமுல ஷிபா இருந்தா போதும்.”

“ஏட்டி, நீ என்ன மகாராணியா?”

பூங்கனி சிரித்தாள். “எனக்கு சுகர், கேட்டியா? அர மணிக்கூர்கூட அடக்க முடியாது.”

ஷிபா குனிந்த தலை நிமிராமல் நோட்டு திருத்திக்கொண்டிருந்தாள்.

நோய் என்று சொன்ன பிறகு என்ன செய்வது? பெமிலா காரை வேண்டாம் என்றாள். ரயிலில் டிக்கெட் போட்டாள். காவேரி தெரியாத கீழ்த்தள ரூமுக்கு மாறினாள்.

புதன்கிழமை தலைமையாசிரியருக்குப் பிறந்தநாள். எல்லோருக்கும் அடைப்பிரதமன் பாயசம் வந்தது. பூங்கனி ஒரு கிளாஸ் குடித்தாள். பிறகு இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

ஆதிரா பெமிலாவின் காதில் கிசுகிசுத்தாள். “பாத்தியா? சுகராம் சுகர்!”

அன்று சாயங்காலமே பெமிலா புதிதாக ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினாள். பூங்கனியைச் சேர்க்கவில்லை. ‘பழைய பிளான்தான். கார், மூணாவது மாடி’ என்று போட்டாள். ஆதிரா உடனே கைதட்டும் எமோஜி போட்டாள். ஐந்தே நிமிடத்தில் ஷிபா குரூப்பை விட்டு வெளியேறிவிட்டாள்.

மறுநாள் காலையில் பெமிலா பூங்கனியை வராந்தாவிலேயே நிறுத்தினாள்.

“சுகர்னு சொன்னது பொய்தான?”

“ஆமா.”

“ஒனக்க சொகத்துக்காக மூணு பேரை அலைக்கழிச்சிருக்க. வெக்கமா இல்லியா? நாங்க கார்ல போறோம். நீ வரண்டாம்.”

“சரி, நான் வரல்ல. ஆனா ரயிலையும் அந்தக் கீழ் ரூமையும் மட்டும் மாத்திராத பெமிலா.”

“நீயே வரல்லன்னா அது யாருக்கு?”

பூங்கனி திரும்பிக்கூடப் பார்க்காமல் வகுப்புக்குப் போய்விட்டாள். திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டு பெமிலா திரும்பினாள். பின்னால் ஷிபா நின்றுகொண்டிருந்தாள்.

“பெமிலாக்கா, ஒரு நிமிசம்.”

யாரும் இல்லாத நூலக அறைக்குள் போனதும் ஷிபா கதவைச் சாத்தினாள். பேச்சு தொடங்கும் முன்பே கண் நிறைந்துவிட்டது.

“அது எனக்குக்கா. ரெண்டாவது பிரசவத்துக்குப் பொறவு என்னால அடக்க முடியல்ல. தும்முனாலே போயிரும். மருந்து சாப்பிடுகேன், பையத்தான் கொறையும்னு டாக்டர் சொல்லுகாரு. நாலு வருசமா ஸ்கூலும் வீடும்தான். மதுரையில எனக்க தங்கச்சி கல்யாணம், அதுக்குக்கூட போகல்ல.”

பெமிலா ஒரு நாற்காலியை இழுத்து அவளை உட்கார வைத்தாள்.

“டிரைவர்கிட்ட வழி நெடுக வண்டிய நிறுத்துங்கன்னு எப்படிச் சொல்லுவேன்? அதனால நான் வரல்லன்னு பூங்கனிக்காட்ட சொன்னேன். அவங்கதான் விடல்ல. ‘கெட்ட பேரை நான் வாங்கிக்கிடுதேன், நீ ஊரைப் பாரு’ன்னு சொன்னாங்க. யார்ட்டயும் சொல்லிராதீங்கக்கா.”

பெமிலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் விடவே இல்லை.

பிறகு நேரே பூங்கனியின் வகுப்பு வாசலில் போய் நின்றாள். மணி அடித்ததும் பூங்கனி வெளியே வந்தாள்.

“மன்னிச்சிரு மக்கா. நீ வராம நாங்க போக மாட்டோம்.”

பூங்கனி அவள் முகத்தைப் பார்த்தாள். “ஷிபா சொல்லிட்டாளா?”

“ம்.”

“அவளே சொன்னாளா! கொள்ளாம், நல்லதுதான்,” என்றாள் பூங்கனி.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, ரயில் டிக்கெட் அப்படியே இருக்கிறது என்று பெமிலா சொன்னாள். ஆதிராவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“மறுபடியும் ரயிலா? பொய் சொன்னவளுக்காக நாம எதுக்குப்பா கஷ்டப்படணும்?”

பூங்கனி தலையைக் குனிந்தாள். ஷிபாவின் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

“அவளுக்காக இல்ல ஆதிரா,” என்றாள் பெமிலா. “எனக்குத்தான் அடக்க முடியாது. இத்தன நாளும் வெக்கத்துல வெளிய சொல்லல்ல.”