வலது மணிக்கட்டு

காலை பத்தே காலுக்கு மாவுக்கட்டு அறைக்கு வந்த ஏட்டு தளவாய், ஸ்டேஷன் படியில் வழுக்கிவிட்டது என்று உடைந்த வலது கையை நீட்டினார். சட்டையில் குத்தியிருந்த பெயர், மனு எழுதி எழுதி, கட்டுப் போடும் குணவதிக்கு மனப்பாடமான பெயர். செக்போஸ்ட்டில் பைக்கில் வந்த அவள் தம்பியை அந்தக் கை லத்தியால் அடித்ததில்தான் அவன் லாரிச் சக்கரத்தில் போய் விழுந்து செத்தான். நிற்காமல் ஓட்டியதால் விழுந்தான் என்று போலீசார் வழக்கை எழுதி முடித்துவிட்டார்கள்.

“சீக்கிரம் கட்டி விடும்மா, டியூட்டி இருக்கு.”

எலும்பை இழுத்துச் சேர்க்குமுன் போட வேண்டிய மரத்துப்போகச் செய்யும் ஊசி தட்டில் தயாராக இருந்தது. அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“ஊசி போடலையாம்மா?”

“போடலாம் சார். செக்போஸ்ட்ல எந்தம்பிய நிக்கச் சொல்லிட்டு அடிச்சீங்களா, அடிச்சிட்டு நிக்கச் சொன்னீங்களா?”