ஒரு சட்டை குறைந்ததற்கான விளக்கம்

மேலாளர் அவர்களுக்கு வணக்கம். மழைக்காலத்துக்கென நாம் கொடுத்து, அது முடிந்ததும் ஊரார் திருப்பித் தந்த உடைகளை இயந்திரத்தில் நூலாகக் கரைத்தபோது ஒன்று ஏன் குறைந்தது என்று கேட்டிருந்தீர்கள்.

அது இன்பராணி அக்காவின் இறந்துபோன கணவருடைய சட்டை. மேசைமேல் வைத்தவர் கையை எடுக்கவே இல்லை.

“அவர் வாசம் இன்னும் போகலை தம்பி. இதைக் கரைச்சு வேற சட்டையாக்கி எவனுக்கோ குடுப்பீங்க. அடுத்தவன் இவர் சட்டையைத் தொட்டாலே கத்துவாரு.”

மஞ்சள் கறை பட்ட துணியை மட்டும் நம் இயந்திரம் ஏற்காது, உடையவரிடமே கொடுத்துவிடுவோம்.

“புதுசா வாங்கினப்போ ஓரத்துல மஞ்சள் வைக்கலையாக்கா?”

“மழை அவசரத்துல மறந்துட்டேன்ப்பா.”

நான் என் மதியச் சாப்பாட்டைத் திறந்து, சாம்பாரில் விரலைத் தோய்த்தேன்.

“ஐயோ, பெருங்காயம் மணக்குமே!”

சட்டையின் கீழ் ஓரத்தை மட்டும் என் பக்கம் நீட்டினார். கழுத்துப் பக்கத்தைத் தன் முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.